தொழிலைப் பெரிதாக்கிக்கொண்டே போகாமல், சிறிய அளவிலேயே நிம்மதியாக நடத்த முடியுமா?

முடியும். பல வருடங்களாக அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஆனால் சும்மா கிடைக்காது.

நீங்கள் கடை வைத்திருக்கிறீர்களா, பட்டறையா என்று கேள்வியில் இல்லை. இப்படிக் கேட்பவர்களின் நிலைமை பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும். "இன்னும் எத்தனை நாளைக்கு இதே அளவிலேயே ஓட்டப்போறே" என்று வீட்டில் கேட்பார்கள். லோன் வேண்டுமா என்று பேங்கிலிருந்து போன் வந்துகொண்டே இருக்கும். சொந்தக்காரர் ஒருவர் கண்ணெதிரே கிடுகிடுவென்று வளர்ந்துகொண்டிருப்பார். உங்களுக்கும் அப்படித்தான் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

எனக்குத் திருப்பூர். 9 மிஷின் போட்டு ஜாப் ஒர்க், அதாவது மற்ற கம்பெனிகளின் துணியைக் கூலிக்கு எடுத்துத் தைத்துக் கொடுக்கிறேன். பிறந்த குழந்தையிலிருந்து இரண்டு வயது வரைக்குமான உடுப்பு மட்டும்தான். ஓவர்லாக் நாலு, பிளாட்லாக் இரண்டு, சிங்கர் மூன்று. டைலர், செக்கிங், கைமடி, அயர்னிங் எல்லாம் சேர்த்து 13 பேர். காலை 9 மணிக்குத் திறந்தால் மாலை 5.30க்கு மெயின் சுவிட்சை அணைத்துவிடுவோம். ஞாயிறு லீவு.

வெளியூர்க்காரர்களுக்கு இதில் ஒன்றும் அதிசயம் தெரியாது. இங்கே சொன்னால் சிரிப்பார்கள். திருப்பூரில் பொழுதையே ஷிஃப்ட் கணக்கில்தான் அளப்பார்கள். எட்டு மணி நேரம் ஒரு ஷிஃப்ட், ராத்திரி எட்டரை வரை ஓடினால் ஒன்றரை, ஷிப்மென்ட் நெருக்கினால் இரண்டு. சாயங்காலமே விளக்கை அணைக்கிற யூனிட் என்றால் பாவம் லாட் (தைக்க வரும் ஆர்டர்) இல்லை போலிருக்கிறது என்றுதான் பக்கத்தில் பேசிக்கொள்வார்கள். என்னைப் பற்றியும் பேசியிருக்கிறார்கள்.

வளர்ச்சியைத் திட்டுவதற்காக எழுதுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். டைலராக வந்தவர்கள் நாலு மிஷின் போட்டு, நாற்பதாக்கி, நானூறாக்கித்தான் இந்த ஊர் வருடத்துக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி செய்கிறது. எனக்குச் சோறு போட்டதும் அதுதான். ஆனால் அதே வேகம்தான் நொய்யலைச் சாய ஆறாக்கியது. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயத்தண்ணீர் தேங்கி, விவசாயிகள் வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைந்தார்கள். கடைசியில் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் உத்தரவு போட, 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் ஒரே நேரத்தில் மூடப்பட்டன. நான் அப்போது ஒரு கம்பெனியில் ஓவர்லாக் டைலர். சாயம் போட்ட துணி வராததால் மிஷின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தோம். சனிக்கிழமைச் சம்பளக் கவர் பாதியாகிவிட்டது. அதற்கு முந்தின மாதம் வரை எங்களை ஒன்றரை ஷிஃப்டுக்குக் குறையாமல் விட்டதில்லை.

அந்தக் கம்பெனியில் பாத்ரூம் போக டோக்கன் வாங்கவேண்டும். ஒரு லைனுக்கு ஒரே டோக்கன். அது கையில் வரும்வரை அடக்கிக்கொண்டு தைக்கவேண்டும் என்பதால் பொம்பளைகள் தண்ணீரே குடிக்கமாட்டோம். நீர்க்கடுப்பு வராத ஆளே லைனில் கிடையாது. சொந்தமாகப் போட்டபோது நான் முதலில் செலவு செய்தது இரண்டாவது கழிப்பறைக்கு. அடுத்தது கூரை. சிமென்ட் ஷீட் கொட்டகையில் ஏப்ரல், மே மாதம் உட்கார்ந்து தைத்தவர்களுக்குத் தெரியும் அது என்ன என்று. மேலே வெள்ளைப் பூச்சு அடித்து, உள்ளே ஒரு தட்டிக் கூரை போட்டோம். மூன்றாவது, ஸ்டூலை எடுத்துவிட்டு முதுகு சாய்கிற நாற்காலி. இதெல்லாம் தர்மம் இல்லை. முதுகு வலிக்கிறவர் தைத்தால் தையல் கோணும், அவ்வளவுதான்.

ராத்திரி வேலையை நிறுத்தியதும் இப்படி ஒரு கணக்குப் பார்த்துத்தான். ஆரம்பத்தில் நானும் எட்டரை வரை ஓட்டினேன். செக்கிங்கில் திரும்பிவரும் பீஸ்களை எந்த நேரத்தில் தைத்தது என்று நோட்டில் குறித்துக்கொண்டே வந்தோம். ஆறு மணிக்குப் பிறகு தைத்ததில்தான் ஆல்டர் (பிரித்துத் தைக்கவேண்டிய பீஸ்) குவிந்தது. குழந்தை உடுப்பு அளவில் சிறியது, கழுத்துப் பைப்பிங்கில் ஒரு இழை நழுவினாலும் தெரியும். அதைப் பிரித்துத் திரும்பத் தைக்க மறுநாள் காலை ஒரு டைலர் உட்காரவேண்டும். அரை ஷிஃப்ட் சம்பளம், அதற்குமேல் பிரித்துத் தைக்கிற கூலி, கரண்ட் எல்லாம் கூட்டிப் பார்த்தால் ராத்திரி ஓட்டியதில் எனக்கு நின்றது சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஓவர்டைமுக்குச் சட்டப்படி இரட்டைச் சம்பளம் தரவேண்டும். ஊரில் பெரும்பாலும் அரை ஷிஃப்டுக்கு அரைச் சம்பளம்தான் தருகிறார்கள், அதனால்தான் அவர்களுக்குக் கட்டுப்படியாகிறது. இரட்டையாகக் கொடுத்துப் பாருங்கள், பாதிப் பேர் ஆறு மணிக்கே விளக்கை அணைத்துவிடுவார்கள்.

இனி, எல்லோரும் கேட்க விரும்பும் கதை. சில வருடங்களுக்கு முன் எனக்கு வேலை கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பார்ட்டி (கம்பெனி) பக்கத்துக் கொட்டகையையும் சேர்த்து எடுக்கச் சொன்னார்கள். இன்னும் 30 மிஷின் போடுங்கள், வருடம் முழுக்க லாட் எங்கள் பொறுப்பு, மிஷினுக்கு அட்வான்ஸும் தருகிறோம், தையல் கூலியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துக்கொள்ளலாம் என்றார்கள். என் கணவருக்கே ஆசை வந்துவிட்டது. எனக்கு இடித்தது அந்தக் கடைசி வார்த்தைதான். கழிக்கிறவரை வேறு பார்ட்டிக்குத் தைக்க முடியாது. ரேட்டைக் குறைத்தால் வாயைத் திறக்க முடியாது. நாளைக்கு அனுப்பியாகவேண்டும் என்றால் ராத்திரி ஓட்டித்தான் ஆகவேண்டும். நாற்பது பேருக்குச் சனிக்கிழமை சம்பளம் போடவேண்டிய ஒருத்தி "முடியாதுங்க" என்று எப்படிச் சொல்வாள்? வேண்டாம் என்றேன். அவர்கள் கோபித்துக்கொண்டு, இருந்த லாட்டையும் நிறுத்திவிட்டார்கள். ஒரு மாதம் திண்டாட்டம்தான்.

அந்த மாதம் கற்றுக்கொண்டதுதான் இந்தப் பதிலில் உங்களுக்கு உபயோகமான பகுதி. வேண்டாம் என்று சொல்ல மனத்துணிச்சல் மட்டும் போதாது, அதற்கு ஏற்றபடி தொழிலை அமைத்து வைத்திருக்கவேண்டும். இப்போது எந்த ஒரு பார்ட்டியின் வேலையும் மொத்தத்தில் பாதியைத் தாண்ட விடுவதில்லை. மிஷின் எல்லாம் கடன் முடிந்தவை. புதிது வேண்டுமென்றால் பணம் சேர்ந்த பிறகுதான். முக்கியமாக, பெரிய யூனிட்டுகள் தொடாத வேலையைப் பிடித்தேன். ஒரு ஸ்டைலில் 200, 300 பீஸ் என்றால் அவர்களுக்கு லைன் செட் செய்கிற செலவே தேறாது. சென்னையிலும் பெங்களூரிலும் ஆன்லைனில் குழந்தை உடுப்பு விற்கிற சின்ன பிராண்டுகாரர்களுக்கு அந்த அளவுதான் வேண்டும். பாதிப் பணம் முன்னாலேயே தருவார்கள். ரேட்டும் கூடுதல். மிஷின் எண்ணிக்கை அப்படியே இருக்க, பீஸுக்கு வாங்கும் கூலியை மட்டும் வருடா வருடம் ஏற்றிக்கொண்டு வருகிறேன். வளரவே இல்லை என்று சொல்கிறவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொண்டால் நல்லது.

பணம் பற்றிக் கேட்பீர்கள். வாடகை, கரண்ட், சம்பளம், ஈஎஸ்ஐ, ஊசி, நூல், ரிப்பேர் எல்லாம் போக மாதம் 40,000 முதல் 55,000 வரை நிற்கும். லாட் குறைந்த மாதம் அதுவும் இல்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீதம் வரி போட்டபோது ஏற்றுமதி வேலை செய்கிறவர்கள் உள்ளூர் வேலைக்கு வந்து ரேட்டை உடைத்தார்கள். சிறியதாக இருந்தால் அடி விழாது என்று நினைக்காதீர்கள், எனக்கும் விழுந்தது. சொந்த வீடு, ஒரே மகள், கணவருக்குத் தனிச் சம்பளம் என்பதால் சமாளித்தேன். "உங்களுக்கென்ன, வசதி இருக்கு, பேசுவீங்க" என்று யாராவது எழுதத்தான் போகிறீர்கள். பாதி சரிதான். வாடகை வீட்டில் மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதே கணக்கைப் போடமுடியாது.

இன்னொரு குற்றச்சாட்டும் வரும்: "20 பேருக்குக் கீழே வைத்திருப்பது பிஎஃப் கட்டாமல் தப்பிக்கத்தானே?" பத்துப் பேரைத் தாண்டியதுமே ஈஎஸ்ஐ எடுத்துவிட்டேன். சம்பளத்தில் என் பங்கு 3.25 சதவீதம், அவர்கள் பங்கு 0.75. பிஎஃப்பில் விருப்பப்பட்டுச் சேர வழி உண்டு. உட்காரவைத்துக் கேட்டேன். கையில் வாங்குகிற காசு குறையும் என்று பாதிப் பேர் வேண்டாம் என்றார்கள். தீபாவளி போனஸும் கொடுக்கிறேன். இதற்குமேல் என்ன செய்யவேண்டும் என்று நினைப்பவர்கள் ஒரு யூனிட் போட்டுச் செய்துகாட்டலாம்.

உண்மையிலேயே என்னை இடறவைத்தது வேறு. என்னிடம் ஒரு பையன் ஓவர்லாக் ஓட்டினான். தையல் அப்படி ஒரு சுத்தம். தங்கச்சி கல்யாணத்துக்குச் சேர்த்துக்கொண்டிருந்தான். ராத்திரியும் ஓட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தான், நான் மாட்டேன் என்றுவிட்டேன். ஒரு சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு, "அக்கா, உங்க நிம்மதி எனக்குக் கட்டுப்படியாகலீங்க" என்று சொல்லிவிட்டு ஒன்றரை ஷிஃப்ட் ஓடுகிற கம்பெனிக்குப் போய்விட்டான். கோபமெல்லாம் வரவில்லை. வாரத்துக்கு மூன்று ஷிஃப்ட் சம்பளம் கூடுதலாக வருகிற இடத்தை விட்டுவிட்டு என்னிடம் இரு என்று எந்த வாயால் சொல்வது? ஊருக்குப் பணம் அனுப்பவேண்டிய வடநாட்டுப் பிள்ளைகளும் இதே காரணத்தால்தான் என்னிடம் தங்குவதில்லை.

அதனால் யாருக்கு இந்த நேரம் ஒத்துவருமோ அவர்களைத் தேடித்தான் ஆள் எடுக்கிறேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளையை விட்டுவிட்டு வருகிற அம்மாக்கள், கண் மங்கி ராத்திரி வேலை முடியாத மூத்த டைலர்கள். திருப்பூர்ச் சுவரெல்லாம் "டைலர் தேவை" போர்டு தொங்குகிறது. நான் போர்டு வைப்பதில்லை, ஒருத்தர் நின்றால் அவரே இன்னொருத்தரைக் கூட்டிவந்து விடுகிறார். ஆள் மாறாமல் இருப்பதில் மிச்சமாகிற காசு யார் கணக்கிலும் வராது.

பேமெண்ட் பற்றி ஒரு வார்த்தை. 2006ஆம் வருடத்து எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டப்படி அதிகபட்சம் 45 நாளுக்குள் எங்களுக்குப் பணம் வரவேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதா மாதம் கூட்டுவட்டி. எத்தனை பேர் கேட்டு வாங்கியிருப்பார்கள்? 2024 ஏப்ரலில் இருந்து வருமான வரியிலும் ஒரு பிடி வந்தது. குறு, சிறு தொழிலுக்குத் தரவேண்டியதை அந்தக் கெடுவுக்குள் தராவிட்டால், பணம் கொடுக்கிற வருடத்தில்தான் செலவாகக் காட்டமுடியும். நல்ல விஷயம் என்று நினைத்தேன். ஒரு பார்ட்டி உடனே போன் போட்டு, உத்யம் நம்பர் (சிறு தொழில் என்று காட்டும் பதிவு எண்) இல்லாமல் பில் போடுங்கள் என்றார். என் வழி எளிது: 30 நாள், தாண்டினால் அடுத்த லாட்டின் கட்டிங் பண்டிலை (வெட்டிய துணிக்கட்டை) வண்டியில் இருந்து இறக்குவதே இல்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் கொட்டிவிடுகிறேன். மார்ச் மாதம் வந்தால் ஒரு போன் வரும். "மேடம், உங்களைச் சிறந்த பெண் தொழில்முனைவோர் விருதுக்குத் தேர்ந்தெடுத்திருக்கோம்." நான் எங்குமே விண்ணப்பித்தது கிடையாது. கொஞ்ச நேரம் புகழ்ந்துவிட்டு, பதிவுக் கட்டணம் 15,000 என்பார்கள். ஷீல்டு, பொன்னாடை, ஒரு சீரியல் நடிகருடன் போட்டோ அதில் அடக்கம். போன முறை, "எதைப் பார்த்துங்க தேர்ந்தெடுத்தீங்க?" என்று கேட்டேன். "உங்க அசுர வளர்ச்சியைப் பார்த்துத்தான் மேடம்" என்றார் அந்தத் தம்பி, கொஞ்சமும் தயங்காமல். 9 மிஷின்! இந்த விருதுகளை வரவேற்பறையில் வரிசையாக அடுக்கி வைத்திருப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எத்தனை 15,000 என்று மனசு கூட்டிக்கொண்டிருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பெரிதாக்கியவர்கள் எல்லாம் தூக்கமில்லாமல் தவிக்கிறார்கள் என்று நான் சொல்லமாட்டேன். என் கொழுந்தனார் நான் ஆரம்பித்த சமயத்தில்தான் ஆரம்பித்தார். இன்றைக்கு 150 மிஷின், இரண்டு கார், நன்றாகத் தூங்கவும் செய்கிறார். அவருக்கு அந்த ஓட்டம் பிடிக்கும். கல்யாண வீட்டில் பார்த்தால், "என்னங்க அண்ணி, இன்னும் அதே ஒம்பதுதானா?" என்பார். அதே ஒம்பதுதான் தம்பி என்பேன். என் மகள் காலேஜ் முடித்துவிட்டு வந்து இதை நாற்பதாக்குகிறேன் என்றால் தடுக்கவும் போவதில்லை, சனிக்கிழமைச் சம்பளத்துக்கு அவளே பொறுப்பு.

உங்களுக்குக் கடன் இருந்தால் முதலில் அதை முடியுங்கள், அதுவரை அளவை ஏற்றுவதா வேண்டாமா என்கிற பேச்சே வேண்டாம். அப்புறம் ஒன்று: குழந்தை உடுப்புக்குத் தையல் கூலி பீஸுக்கு எவ்வளவு என்று உள்பெட்டியில் கேட்காதீர்கள். சாம்பிளைப் பார்க்காமல் ரேட் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை.