பேத்தி இழுத்தாளா, பிளைண்ட்ஸ் தானாக இறங்கியதா?

கேள்வி: கோலாலம்பூர் செந்தூலில், ஒரு கொண்டோவின் 14ஆவது மாடியில் இருக்கிறோம். எட்டு மாதத்துக்கு முன் ஐந்து சன்னல்களுக்கு ஸீப்ரா பிளைண்ட்ஸ் (சங்கிலி இழுத்து ஏற்றி இறக்கும் சுருள்திரை) போட்டோம். மொத்தம் 4,200 ரிங்கிட். வரவேற்பறைக் கண்ணாடிக் கதவுக்கு மட்டும் 1,350. அது மூன்று மீட்டர் அகலம், ஒரே துண்டு. நாலு மாதத்திலேயே அது மேலே நிற்காமல் தானாக இறங்க ஆரம்பித்தது. துணியும் ஒரு பக்கமாக ஓடி ஓரம் பிசிறுகிறது. கடைக்காரர் அனுப்பிய ஆள் பார்த்துவிட்டு, "சின்னப் பிள்ளை சங்கிலியை இழுத்திருக்கும், இது உத்தரவாதத்தில் வராது" என்று சொல்லிவிட்டார். என் பேத்திக்கு வயது மூன்று. பில்லின் அடியில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று அச்சடித்திருக்கிறது. இதற்கெல்லாம் வழக்குப் போட முடியுமா? இன்னொன்று, பால்கனியில் வெயிலுக்குத் தொங்கவிட்ட மூங்கில் பிடாயைக் கழற்றச் சொல்லி நிர்வாகம் கடிதம் போட்டிருக்கிறது. என்ன செய்வது?

பதில்: சகோதரி, சட்டத்துக்கு அப்புறம் வருகிறேன். முதலில் ஒரு நாற்காலியைப் போட்டு ஏறி அந்தப் பிளைண்ட்ஸைப் பாருங்கள், அல்லது வீட்டில் யாரையாவது ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள். இது கெட்ட விதம்தான் உங்கள் வழக்கு. "பிளைண்ட்ஸ் சரியில்லை" என்று மட்டும் சொன்னால் கடைக்காரர் "பிள்ளை இழுத்தது" என்பார், அதோடு பேச்சு நின்றுவிடும்.

மேலே இருப்பது ஓர் அலுமினியக் குழாய். ஒரு முனையில் சங்கிலி மாட்டிய கிளட்ச், மறுமுனையில் சும்மா சுழலும் ஒரு முளை. கிளட்ச்சுக்குள் சுருள் கம்பி ஒன்று நடுத்தண்டை இறுகப் பிடித்திருக்கும். நீங்கள் சங்கிலியை இழுத்தால் அந்தச் சுருள் தளர்ந்து வழிவிடும். துணியின் பாரம் குழாயைத் திருப்பப் பார்த்தால் அதே சுருள் இன்னும் இறுகும். எந்த உயரத்தில் விட்டாலும் பிளைண்ட்ஸ் அங்கேயே நிற்பது இதனால்தான். அது தானாக இறங்குகிறது என்றால், ஒன்று கிளட்ச் தேய்ந்திருக்க வேண்டும், இல்லை அதன் சக்திக்கு மேல் பாரம் தொங்க வேண்டும்.

ஸீப்ராவில் துணி இரட்டை. மேலிருந்து இறங்கி, அடிக்கட்டையைச் சுற்றிக்கொண்டு மறுபடி மேலே போகும். ஒளி புகும் பட்டையும் புகாத பட்டையும் மாறி மாறி வருவதால், முன்துணியும் பின்துணியும் எதிரெதிராக நகரும்போது வெளிச்சம் கூடும் குறையும். அழகான ஏற்பாடுதான். ஆனால் ஒற்றைத் துணி சுருளும் சாதாரண ரோலர் பிளைண்ட்ஸைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு துணி. மூன்று மீட்டர் அகலத்தில் அந்தப் பாரம் முழுவதும் ஒரே குழாயில். குழாய் மெல்லியதாக இருந்தால் நடுவில் தொய்யும், துணியில் சுருக்கம் விழும். துணி ஒரு பக்கமாக ஓடுவதற்கு வழக்கமான காரணம், குழாயின் இரு முனைகளையும் தாங்கும் இரண்டு பிராக்கெட்டும் ஒரே மட்டத்தில் இல்லாதது. ஒரு ரசமட்டத்தைக் குழாயின் மேல் வைத்தால் ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும். மட்டம் சரியாக இருந்தும் துணி ஓடினால், துணியைக் குழாயில் ஒட்டியபோதே கோணலாக ஒட்டியிருக்கிறார்கள்.

இப்போது பாருங்கள். கிளட்ச்சும் குழாயும் பாரம் தாங்கவில்லை என்றால் அது பொருளின் குறை. பிராக்கெட் கோணல் என்றால் அது வேலையின் குறை. இரண்டுக்கும் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் இடம் உண்டு. 32ஆவது பிரிவின்படி, விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். நீடித்து உழைப்பதும் பாதுகாப்பாக இருப்பதும் அந்தத் தரத்தில் சேர்ந்தவை. நாலு மாதம் உழைப்பது நீடித்து உழைப்பதாகாது. நீங்கள் சொன்ன தேவைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்பது 33ஆவது பிரிவு. மூன்று மீட்டருக்கு ஒரே துண்டு போதும் என்று விற்பனையாளர் வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தால் அதை அழித்துவிடாதீர்கள். அவர் திறமையை நம்பித்தான் வாங்கினீர்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. மாட்டிய வேலைக்கு 53ஆவது பிரிவு: நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்திருக்க வேண்டும்.

பில்லில் அச்சடித்த வரிக்கு இந்த விஷயத்தில் மதிப்பில்லை. இந்த உரிமைகளை ஒப்பந்தத்தால் தள்ளிவைக்க முடியாது என்று சட்டத்தின் 6ஆவது பிரிவே சொல்கிறது. கடை உத்தரவாதம் இந்த உரிமைகளுக்கு மேல் கடைக்காரர் தருவது, இவற்றுக்குப் பதிலாக அல்ல. அந்த வரியை ரப்பர் முத்திரையாகவே செய்து வைத்திருக்கும் கடைகளை நான் பார்த்திருக்கிறேன். முத்திரை குத்தினால் சட்டம் மாறாது.

பேத்தி விஷயம். கடைக்காரர் சொல்வது நடக்கக்கூடியதுதான். பிள்ளை சங்கிலியில் தொங்கினால் கிளட்ச் கெடும். ஆனால் பிள்ளை இழுத்தால் பிராக்கெட்டின் மட்டம் கெடுமா? குழாய் நடுவில் தொய்யுமா? அவரிடம் இதைக் கேளுங்கள். இன்னொன்றையும் பாருங்கள்: சங்கிலியின் கீழ் வளைவைச் சுவரோடு இறுக்கிப் பிடிக்கும் ஒரு சின்ன பிளாஸ்டிக் பிடி இருக்க வேண்டும். அது மாட்டப்படவில்லை என்றால், பிள்ளை கையில் சங்கிலி சிக்கியதற்கே மாட்டியவர் காரணம் என்று வாதிடலாம். வழக்கு கிடக்கட்டும், அந்தப் பிடியை இன்றைக்கே வாங்கி மாட்டுங்கள். தொங்கும் வளையத்தில் கழுத்து மாட்டிக் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் தளர்ந்த கயிறு தரையிலிருந்து 1.6 மீட்டருக்குக் கீழே தொங்கக் கூடாது என்று விதியே வைத்திருக்கிறார்கள். பேத்தியின் கட்டில் சன்னலோரம் இருந்தால் தள்ளிப் போடுங்கள்.

என்ன கேட்கலாம்? முதலில் சரிசெய்யக் கேட்க வேண்டும். கிளட்ச்சை மாற்றுவதா, முழுதும் புதிதாகப் போடுவதா என்பதைக் கடைக்காரர் தீர்மானிக்கலாம். நியாயமான காலத்தில் அவர் செய்யவில்லை, மறுக்கிறார் என்றால் வேறு ஆளை வைத்துச் சரிசெய்து செலவைக் கேட்கலாம், அல்லது பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்கலாம். கட்டடத்தோடு சேர்ந்துவிட்டதைச் சேதமில்லாமல் பிரிக்க முடியாவிட்டால் திருப்பிக் கொடுக்கும் உரிமை போய்விடும். பிளைண்ட்ஸ் பிராக்கெட்டிலிருந்து கழன்று வரும், ஆகவே அந்தக் கவலை உங்களுக்கு இல்லை. ஆனால் 4,200 முழுவதையும் கேட்காதீர்கள். நாலு சன்னல் நன்றாக வேலை செய்கிறது, கெட்டது ஒன்று. 1,350ஐக் கேட்டால் உங்கள் பேச்சு எடுபடும்.

கடைக்கு எழுத்தில் கேளுங்கள், 14 நாள் தவணை கொடுங்கள், வாட்ஸ்அப் போதும். பதில் இல்லையென்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போங்கள். போராங் 1 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும், கட்டணம் 5 ரிங்கிட், இணையத்திலும் பதியலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை அங்கே விசாரிப்பார்கள், மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். விசாரணையில் வழக்கறிஞர் வந்து வாதாட முடியாது. என் போன்றவர்களுக்கு வேலை இல்லாத இடம், ஆனாலும் நல்ல இடம். பிளைண்ட்ஸ் தானாக இறங்குவதை ஒரு வீடியோ, ரசமட்டம் வைத்த குழாய்க்கு ஒரு படம், பில், உரையாடல், அவ்வளவுதான் கொண்டுபோக வேண்டியது. கடைக்காரர் தீர்ப்பை 14 நாளுக்குள் நிறைவேற்றாவிட்டால் அது குற்றம்.

பிடாய் விஷயத்தில் உங்களுக்கு மகிழ்ச்சியான பதில் இல்லை. பினாங்கில் பழைய கடைவீடுகளின் அஞ்சடியில் (கடை முன்னால் உள்ள நடைபாதையில்), கடைப்பெயரைப் பெரிதாக எழுதித் தொங்கவிட்ட பிடாய்களைப் பார்த்து வளர்ந்தவன் நான், எனக்கே அதில் ஆசை உண்டு. ஆனால் கொண்டோவில் உங்கள் வீட்டின் வெளித்தோற்றத்தை மாற்ற நிர்வாகத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி முன்கூட்டியே வேண்டும் என்று அடுக்குமாடி வீடுகளுக்கான 2015ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா நிர்வாக விதிமுறைகள் சொல்கின்றன. மேற்கு வெயில் அடிக்கிறது என்பது காரணம்தான், அனுமதி ஆகாது. இப்போதைக்குப் பிடாயைச் சுருட்டி உள்ளே எடுத்து வையுங்கள். அனுமதி கேட்டு எழுதுங்கள், எந்த நிறம், எந்த அளவு என்றால் ஏற்பார்கள் என்றும் அதிலேயே கேளுங்கள். மற்ற வீடுகளிலும் பிடாய் தொங்கினால் படம் எடுத்து இணையுங்கள்.