பெயின்ட் அப்புறம், ஹப் முதலில்

கேள்வி: 1990-களின் தொடக்கத்தில் என் பெரியப்பா வாங்கிய மவுண்டன் பைக் என்னிடம் வந்திருக்கிறது. இரும்பு ஃபிரேம், பின்னால் 7 கியர், ரிம்மை இருபுறமும் கவ்வும் கான்டிலீவர் பிரேக். பல வருடம் மூலையில் கிடந்த வண்டி. பெயின்ட் அடித்துப் பளபளப்பாக்கி, தினமும் வேலைக்கு ஓட்டிப்போக ஆசை. எதிலிருந்து ஆரம்பிப்பது?

பதில்: பெயின்ட்டிலிருந்து மட்டும் ஆரம்பிக்காதீர்கள். தினமும் ஓட்டப்போகிற வண்டிக்குப் பணம் போகவேண்டியது உருளுகிற இடத்துக்கும் நிறுத்துகிற இடத்துக்கும்தான். கீறல் விழுந்த பழைய பெயின்ட் அப்படியே இருக்கட்டும். எனக்கு அதுதான் அழகு.

முதலில் ஃபிரேம் தேறுமா என்று பாருங்கள். ஹேண்டில் பக்கமிருந்து பெடலை நோக்கி இறங்கும் குழாயின் அடிப்புறத்தைத் துடைத்துவிட்டு விரலால் தடவுங்கள். மேல் இணைப்புக்குச் சற்றுப் பின்னால் பெயின்ட் சுருங்கியிருந்தாலோ, குழாய் புடைத்திருந்தாலோ, வண்டி எதிலோ நேராக மோதியிருக்கிறது என்று அர்த்தம். அந்த ஃபிரேமில் ஏறாதீர்கள். வெல்டிங் ஓரங்களில் மயிரிழை விரிசல் தெரிந்தாலும் அப்படித்தான். மேலோட்டமான துருவுக்குப் பயப்படவேண்டாம்.

அடுத்து சீட் கம்பி. போல்ட்டைத் தளர்த்தியதும் அசைகிறதா? கிரீஸ் இல்லாமல் செருகிய அலுமினியக் கம்பி, இரும்புக் குழாய்க்குள் ஈரம் பட்டு அரித்து இறுகிவிடும். துரு இளக்கும் எண்ணெயை விட்டு நாள்கணக்கில் ஊறவிடுங்கள். பிறகு மேலே இழுக்காமல், முறுக்கிக் கழற்றுங்கள். திரும்ப மாட்டும்போது கிரீஸ் தடவ மறக்காதீர்கள்.

இனி ஹப், அதாவது சக்கரத்தின் நடுவில் அச்சு ஓடும் குடம். பலரும் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ‘நல்லாத்தானே சுத்துது’ என்று விட்டுவிடுகிறார்கள். சக்கரத்தைக் கழற்றி, அச்சை இரண்டு விரலால் பிடித்து மெதுவாகத் திருப்புங்கள். மணல் நெறிபடுவதுபோல் விரலுக்குத் தெரிந்தால் உள்ளே கிரீஸ் செத்துவிட்டது. திறந்தால் பழுப்புநிறப் பிசினாகக் காய்ந்திருக்கும். மண்ணெண்ணெயில் கழுவி, அச்சில் முறுக்கியிருக்கும் கூம்பான கோனை வெளிச்சத்தில் பிடியுங்கள். பால்ஸ் (இரும்புக் குண்டுகள்) ஓடிய தடம் வெறும் மினுமினுப்பான கோடாக இருந்தால் நல்லது. குழி விழுந்திருந்தால் கோனை மாற்றுங்கள். ஹப்போடு சேர்ந்த, பால்ஸ் உட்காரும் கப்பிலேயே குழி என்றால் புது ஹப்தான், வேறு வழியில்லை. பால்ஸ் மட்டும் எப்படியிருந்தாலும் புதிது போடுங்கள். பெரும்பாலும் முன் ஹப்பில் ஒவ்வொரு பக்கத்துக்கும் 10, அளவு 3/16 அங்குலம். பின் ஹப்பில் ஒவ்வொரு பக்கத்துக்கும் 9, அளவு 1/4 அங்குலம். ஸ்பானர் இல்லாமல் லீவரால் இறுக்கும் குவிக் ரிலீஸ் அச்சு என்றால் கோனை முறுக்கும்போது மிகச் சிறிய ஆட்டத்தை விட்டுவையுங்கள். லீவரை இறுக்கியதும் அந்த ஆட்டம் மறையவேண்டும், சக்கரமும் தடையில்லாமல் ஓடவேண்டும். இந்த ஒரு வேலைக்கு ஒரு மாலை முழுவதும் போனாலும் தகும். கலிபோர்னியாவில் 1976-இல் தொடங்கிய ரீபேக் (‘மறுபடி அடைத்தல்’) பந்தயத்தில், தடித்த டயர் போட்ட பழைய சைக்கிள்களில் மலையிறங்கியவர்களுக்கு, ஹப்புக்குள் இருந்த பிரேக் சூடேறிக் கிரீஸ் புகைந்து போய்விடும். ஹப்பைத் திறந்து மறுபடி கிரீஸ் அடைத்துவிட்டுத்தான் அடுத்த இறக்கம். மவுண்டன் பைக் பிறந்ததே அந்தச் சரிவுகளில்தான்.

ரிம்மில் பிரேக் கட்டை உரசும் பக்கவாட்டில் ஸ்கேலை வைத்துப் பாருங்கள். நடுவில் நன்றாகக் குழிந்திருந்தால் ரிம் மெலிந்துவிட்டது, மாற்றவேண்டும். சமமாக இருந்தால் கோட்டம் எடுத்தால் போதும்.

செயினில் 12 அங்குலம் அளக்கவேண்டிய இடம் 12 1/16 காட்டினால் புதுச் செயின். 12 1/8 காட்டினால் பின் பற்சக்கரமும் சேர்ந்து தேய்ந்திருக்கும். 6, 7, 8 கியருக்கென்று விற்கும் செயின் உங்கள் வண்டிக்குப் பொருந்தும்.

டயர் வாங்கும்போது ‘26’ என்பதை மட்டும் பார்க்காதீர்கள். உங்களுக்கு வேண்டியது 559 என்று அச்சிட்டது; டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம் அது, மில்லிமீட்டரில். சாதாரண சைக்கிளின் 26 x 1 3/8 டயர் 590, அது உட்காராது. தார்ரோட்டுக்குக் கட்டை வைத்த டயர் வீண் பாரம். 1.5 முதல் 2 அங்குலம் வரை வழவழப்பான டயர் போடுங்கள். வண்டி லேசாகிவிட்டதை முதல் மிதியிலேயே உணர்வீர்கள்.

கேள்வி: என் பழைய வண்டியிலும் கான்டிலீவர் பிரேக்தான். பிடிப்பே இல்லை. வி-பிரேக் மாற்றலாமா?

பதில்: கான்டிலீவர் மாட்டியிருக்கும் அதே ஆணிகளில், அதைவிட நீண்ட கைகள் கொண்ட வி-பிரேக் உட்காரும். ஆனால் ஹேண்டிலில் உள்ள பிரேக் லீவரையும் மாற்றியாகவேண்டும், ஏனென்றால் வி-பிரேக்குக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு கேபிளை இழுக்கிற லீவர் தேவை. அதற்குமுன் இதைச் செய்து பாருங்கள். உள்கம்பி, வெளியுறை இரண்டையும் புதிதாக்கி, நல்ல ரப்பர் கட்டை போட்டு, கட்டையின் முன்முனை ஒரு மில்லிமீட்டர் முந்தி ரிம்மைத் தொடும்படி வையுங்கள். கல்லாக இறுகிப்போன பழைய ரப்பர்தான் பாதிக் குற்றவாளி. அதன்பின் பெரும்பாலோர் வி-பிரேக்கைத் தேடுவதில்லை.

கேள்வி: பழைய மவுண்டன் பைக்கில் ஹேண்டில் தாழ்வாக, எட்டி இருக்கிறது. முதுகு வலிக்கிறது. ஃபிரேமே எனக்குப் பெரிதோ?

பதில்: ஹேண்டிலைப் பிடித்திருக்கும் ஸ்டெம்தான் காரணமாக இருக்கும், அம்மா. அந்தக்கால வண்டிகளில் நீளமான, தாழ்ந்த ஸ்டெம் வைப்பது வழக்கம். உயரமான, ஆனால் முன்னோக்கி நீளம் குறைந்த குவில் ஸ்டெம் (தண்டு குழாய்க்குள் இறங்கும் வகை) ஒன்றை மாட்டுங்கள். வாங்குமுன் பழையதைக் கழற்றி, குழாய்க்குள் இறங்கும் தண்டை அளந்துகொள்ளுங்கள். 22.2 மி.மீ., 25.4 மி.மீ. என்ற இரண்டில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். தண்டில் ஓர் எல்லைக்கோடு பொறித்திருப்பார்கள். எவ்வளவு உயர்த்தினாலும் அந்தக் கோடு வெளியே தெரியக்கூடாது. உயரம் கூடினால் பழைய பிரேக், கியர் கேபிள்கள் எட்டாமல் போகலாம், அவற்றுக்கும் சேர்த்துத் திட்டமிடுங்கள்.