ஊமா ரோஹோ பற்றி ஒரு கடிதம்

அன்புள்ள சார்,

‘ஆல் அபவுட் மை மதர்’ பார்த்தேன். நாடக நடிகை ஹூமாவாக வரும் அந்தம்மா யார்? தேடினால் எல்லோரும் ‘அல்மோதோவரின் நடிகை’ என்றே எழுதியிருக்கிறார்கள். படத்தின் ஸ்பானிய இயக்குநர் அல்மோதோவர் கண்டெடுத்தவரா? வேறு எந்தப் படம் பார்க்கலாம்?

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

மரீசா பரேதெஸ். ‘லைஃப் இஸ் பியூட்டிஃபுல்’ பார்த்திருந்தால் முன்பே பார்த்திருப்பீர்கள், நாயகியின் அம்மா.

கண்டெடுத்ததெல்லாம் இல்லை. அல்மோதோவர் படத்தில் முதலில் அவர் நடித்தது 1983-ல், கன்னியாஸ்திரீயாக. அதற்கு 22 வருடம் முன்பே மேடையேறிவிட்டார். ஸ்பெயின் தலைநகர் மத்ரித்தின் சாந்தா ஆனா சதுக்கத்தில் வளர்ந்தவர். அம்மா அங்கே ஒரு குடியிருப்பில் வாசல் காவல் வேலை பார்த்தார். அதே சதுக்கத்தில்தான் எஸ்பான்யோல் நாடக அரங்கமும். 2024 டிசம்பரில் இறந்தபோது உடலை அஞ்சலிக்கு வைத்தது அந்த அரங்கில்தான். 14 வயதில் சினிமாவில் துண்டு வேடம், மறுவருடம் நாடகக் குழு, அப்புறம் வருடக்கணக்கில் தொலைக்காட்சி நாடகங்கள்.

‘ஹை ஹீல்ஸ்’ (1991) வந்தபோது வயது 45. அதில் பாடகி பெக்கி பல வருடம் கழித்து மத்ரித் மேடையில் நிற்கிறாள். குனிந்து தரையை முத்தமிடுகிறாள். லிப்ஸ்டிக் தடம் பதிகிறது. பாடும்போது ஒரு சொட்டுக் கண்ணீர் சரியாக அந்தத் தடத்தின்மேல் விழுகிறது. எழுதிக் காட்டினால் சிரிப்பு வரும், எனக்கே வருகிறது. திரையில் வராது. மேடைத் தரை அவருக்குத் தன் வீட்டுத் தரை மாதிரி. அந்தக் குரல் அவருடையது அல்ல, பாடகி லூஸ் கஸாலுடையது என்று தெரிந்தபிறகும் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

ஒரு சின்ன விஷயம். ஸ்பானியத்தில் ‘h’ எழுத்து ஒலிக்காது, நீங்கள் கேட்ட ஹூமாவின் பெயர் அங்கே ‘ஊமா’. நம் காதில் ஊமை என்று விழும். அவளோ வசனத்தால் பிழைப்பவள். ‘ஊமோ’ என்றால் புகை. ஹாலிவுட் நடிகை பெட் டேவிஸைப் பார்த்துச் சிகரெட் பழகியதால் அந்தப் பெயர். அவள் மேடையில் நின்றால் ‘நடிப்பு’ தெரிகிறது, ஒப்பனை அறைக்கு வந்ததும் தோள் இறங்கிவிடுகிறது. இந்த வித்தியாசத்தை மேடையில் கிடந்து பழகியவர்தான் இவ்வளவு சன்னமாகக் காட்டமுடியும். புகழ் வந்தபிறகும் மேடையை விடவில்லை; 2006-ல் ஹாம்லெட்டின் அம்மாவாக நடித்தார்.

சரி, எதைப் பார்ப்பது? ‘தி ஃப்ளவர் ஆஃப் மை சீக்ரெட்’ (1995). அதில் அவர் நடிக்கும் பெண்ணுக்குக் கணவன் வாங்கித் தந்த பூட்ஸ் காலை இறுக்குகிறது, தனியாகக் கழற்ற முடியவில்லை, கழற்றிவிட ஆள் தேடி அலைகிறாள். அந்த நடையைக் கவனியுங்கள்.