பதினான்கு கதைகளில் எத்தனை தேறும்?

கேள்வி: பத்து ஆண்டுகளாக எழுதிவைத்த பதினான்கு அறிவியல் புனைகதைகளை என் முதல் தொகுப்பாகக் கொண்டுவர விரும்புகிறேன். படித்துப் பார்த்த நண்பர், ‘கதையைவிடப் பாடம் அதிகம்’ என்கிறார். விளக்கங்களை வெட்டிவிட்டால் அவை அறிவியல் கதைகளாக நிற்குமா?

பதில்: தாராளமாக நிற்கும். செவ்வாயில் இருக்கும் மகள், பூமியில் இருக்கும் தாயோடு பேசுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். இரு கோள்களுக்கும் இடையே அப்போதுள்ள தொலைவைப் பொறுத்து, ரேடியோ அலை ஒரு வழி சென்று சேர ஏறத்தாழ 3 முதல் 22 நிமிடங்கள் ஆகும். இதை அரைப் பக்கத்துக்கு விளக்குவதைவிட, ‘என்மேல் இன்னும் கோபமா?’ என்று கேட்டுவிட்டு, பதில் வர முக்கால் மணி நேரம் ஆகும் என்று தெரிந்தும் திரைமுன்னிருந்து எழ மனமில்லாமல் மகள் உட்கார்ந்திருப்பதை எழுதுங்கள். இடையில் வந்து சேர்வதோ, அவள் கேள்வி போய்ச் சேரும் முன்பே தாய் சொல்லி முடித்துவிட்ட ஒரு கடுஞ்சொல். அந்தத் தாமதத்தை நீக்கினால் கதையே இல்லையென்றால், அது அறிவியல் கதைதான். அதே சண்டை பக்கத்து அறையில் நடந்தாலும் எதுவும் மாறாது என்றால், செவ்வாய் அங்கே வெறும் திரைச்சீலை. இந்தச் சோதனையில் உங்கள் கதைகளில் ஐந்தாறு விழக்கூடும், விழட்டும். அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் டெட் சியாங்கின் முதல் கதை வெளிவந்தது 1990-இல். 2002-இல் வந்த அவருடைய முதல் தொகுப்பில் இருந்தவை எட்டே கதைகள்.

தொகுப்பாகும்போது மட்டும் கண்ணில் படுகிற குறை ஒன்றும் உண்டு. தனித்தனியாக இதழ்களில் வந்தபோது ஒருவரும் கவனித்திருக்கமாட்டார்கள். ஆனால் மூன்று கதைகளின் கடைசிப் பத்தியில் ‘அவன் மனிதனே அல்ல’ என்று தெரியவந்தால், இரண்டாவது கதையின் நடுவிலேயே வாசகர் முடிவை ஊகித்துவிடுவார். (என் கையெழுத்துப் பிரதியிலேயே இதைப் பார்த்துத் திடுக்கிட்டிருக்கிறேன்.) ஆகவே கதைகளின் கடைசிப் பத்திகளை மட்டும் ஒரே மூச்சில் படித்துப் பாருங்கள். ஒரே மாதிரி முடிபவற்றில் சிறந்ததை வைத்துக்கொண்டு மற்றவற்றை அடுத்த நூலுக்குத் தள்ளிவிடலாம்.

கேள்வி: முதல் தொகுப்புக்கு விஞ்ஞானி ஒருவரிடம் முன்னுரை வாங்குவது நல்லதா?

பதில்: முன்னுரையைக் காட்டிலும் அவருடைய சிவப்பு மையை வாங்குங்கள். காற்றில்லாத விண்வெளியில் வெடிச்சத்தம் கேட்டு கதாநாயகன் திரும்பிப் பார்க்கிற வரியை, அச்சுக்குப் போகும் முன்பே அவர் அடித்துவிடுவார்.