பழைய பைபர் படகு: திருத்தி விற்பதா, அப்படியே விற்பதா?

கேள்வி: முல்லைத்தீவில் எங்கள் வளவுக்குள் அப்பாவின் பதினெட்டரை அடி பைபர் படகும் 15 குதிரைவலு இஞ்சினும் நாலு வருசமாகக் கிடக்கின்றன. அப்பா காலமாகிவிட்டார். படகின் அடியில் வெடிப்பு இருக்கிறது. பெயின்ற் அடித்து விற்றால் நல்ல விலை வருமா?

பதில்: பெயின்ற் வேண்டாம். புதுப் பெயின்ற் பூசிய பழைய படகைக் கண்டால் தொழிலாளி முதலில் தேடுவது அதற்குக் கீழே மறைந்திருப்பதைத்தான். கையிலுள்ள காசை இஞ்சினில் போடுங்கள். ஓடும் இஞ்சினுக்கும் ஓடாத இஞ்சினுக்கும் உள்ள விலை வித்தியாசம், வெடிப்பை ஒட்டிக் கிடைப்பதை விடப் பெரிது.

ஆனால் எடுத்தவுடன் கயிற்றை இழுக்காதீர்கள். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் சில துளி டூ ஸ்ரோக் ஒயில் விட்டு, ஒரு நாள் ஊறவிட்டு, இஞ்சின் தலையிலுள்ள பறக்கும் சில்லைக் (பிளைவீல்) கையால் மெல்லச் சுற்றுங்கள். இறுகியிருந்தால் அதோடு நிறுத்தி மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். பழைய எரிபொருளை முழுதாக வடித்து, காபரேற்றரைக் கழுவ வேண்டும். கியர் ஒயிலின் கீழ்த் திருகாணியைச் சற்றுத் தளர்த்துங்கள். முதலில் தண்ணீர் வந்தாலோ, ஒயில் பால் நிறத்தில் இருந்தாலோ, தண்ணீர் உள்ளே போகாமல் தடுக்கும் சீல் போய்விட்டது.

இஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர்ப் பம்பில் சுற்றும் ரப்பர் இம்பெல்லர் இத்தனை வருசத்தில் விறைத்திருக்கும், புதிதாக மாற்றுங்கள். பிறகு பெரிய பரலில் நல்ல தண்ணீர் நிரப்பி, இஞ்சின் காலை அதற்குள் இறக்கித்தான் இயக்க வேண்டும். தண்ணீரில்லாமல் ஓடவிட்டால் சில விநாடிகளிலேயே இம்பெல்லர் தேய்ந்து கருகும். பக்கத் துவாரத்தால் தண்ணீர் சீராகப் பாய வேண்டும். கம்பிரசன், அதாவது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம், பார்க்கும்போது இரண்டு சிலிண்டருக்கும் உள்ள வித்தியாசம் பத்து வீதத்துக்குள் இருப்பது நல்லது.

படகில் வெடிப்பை விடப் பயப்பட வேண்டியது இஞ்சின் பூட்டும் பின்பலகை. சுத்தியல் பிடியால் தட்டுங்கள். 'டொக்'கென்ற மந்தச் சத்தம் வந்தால் உள்ளே பலகை உக்கியிருக்கிறது. இருக்கைக்குக் கீழே மிதப்புக்காக அடைத்த போம் (foam) தண்ணீர் குடித்திருந்தால் படகு பாரமாக இருக்கும். இவற்றை ஒளிக்காமல் படம் எடுத்து, வாங்க வருபவரிடம் முதலே காட்டுங்கள்.

வெடிப்பைத் திருத்துவதை வாங்குபவரிடமே விடலாம். அவரோடு விலை பேசக் கணக்கு மட்டும் தெரிந்திருங்கள். படகின் பைபர் தடிப்பு 5 மி.மீ என்றால் வெடிப்பின் இரு பக்கமும் சுமார் 60 மி.மீ சரித்துத் தேய்க்க வேண்டும். மேலே ஒட்டும் பைபர் மட்டின் (நார் விரிப்பின்) நிறையில் இரண்டு முதல் இரண்டரை மடங்கு ரெசின் தேவை. ஒரு கிலோ ரெசினுக்கு அதை இறுக வைக்கும் காடினர் 10 முதல் 20 கிராம். நம்முடைய மத்தியான வெயிலில் 20 போட்டால் வாளிக்குள்ளேயே இறுகிவிடும்.

இத்தனைக்கும் முன்னால் பதிவுப் பத்திரம். 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டப்படி மீன்பிடிப் படகு பதியப்பட்டிருக்க வேண்டும். பதிவு அப்பாவின் பெயரிலேயே கிடந்தால் படகை மாற்றிக் கொடுக்க முடியாது. மரணச் சான்றிதழுடனும், அம்மா, சகோதரர்கள் எல்லோரும் ஒப்பமிட்ட கடிதத்துடனும் கடற்றொழில் நீரியல் வளத் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்துக்குப் போங்கள். இஞ்சின் இலக்கத் தகட்டைச் சுரண்டவோ, அதன் மேல் பெயின்ற் அடிக்கவோ வேண்டாம்.

வாடைக்காற்று ஓய்ந்து மாசி, பங்குனியில் தொழிலுக்கு ஆயத்தமாகிறவர்கள்தான் வாங்க வருவார்கள். ஐப்பசியில் விற்க அவசரப்பட்டால் அடிமாட்டு விலைதான் கேட்பார்கள். படகையும் இஞ்சினையும் தனித்தனி விலையாகச் சொல்லுங்கள். இஞ்சின் மட்டும் தேடி வருபவர்களும் உண்டு.