‘பொறுப்பு’ டீச்சர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

மாற்றுத்திறனாளிகளுக்கான அமைப்புகளை நடத்திய பெண்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். மனநல மருத்துவர் சாரதா மேனன், பூனம் நடராஜன் எல்லாம் அமைப்பைச் சொந்தமாக ஆரம்பித்தவர்கள், அதனால் நாற்காலியும் அவர்களுக்குக் கிடைத்தது. எங்களைப்போல் சம்பளத்துக்கு வந்தவர்கள் கதை வேறு. கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம், அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கான ஒரு மையத்தில் பதினான்கு வருடமாகச் சிறப்பு ஆசிரியை நான். வேலை செய்கிற பதினேழு பேரில் பதினைந்து பேர் பெண்கள். நிர்வாகக் குழுவில் ஒன்பது பேர், ஒன்பதும் ஆண்கள். இயக்குநர் ஓய்வு பெறுகிறார். “நல்ல ஆள் கிடைக்கிறவரை நீங்க பொறுப்பா இருங்க டீச்சர்” என்கிறார்கள், அதே சம்பளத்தில். நிரந்தரமாகவே தரலாமே என்றால், கலெக்டர் ஆபீசுக்கு யார் அலைவது, ராத்திரி வேன் ரிப்பேர் ஆனால் யார் பார்ப்பது என்று கேட்கிறார்கள். வீட்டுக்காரரும் “உனக்கு எதுக்கு இந்தத் தலைவலி” என்கிறார். ஏற்றுக்கொள்ளவா, வேண்டாமா?

பெயர் வேண்டாம்,
ஒரு டீச்சர்

அன்புள்ள டீச்சர்,

முதலில் ஒரு திருத்தம். மனச்சிதைவு நோயாளிகளுக்கான ஸ்கார்ஃப் அமைப்பைச் சாரதா மேனன் தொடங்கியது 1984-ல். அதற்கு முன்னால், 1961-லிருந்து 1978 வரை, கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்குக் கண்காணிப்பாளராக இருந்தார், அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். அது அவர் ஆரம்பித்த இடம் இல்லை. உங்களைப்போலச் சம்பளத்துக்கு வந்த இடம்தான்.

மற்றபடி உங்கள் எரிச்சல் நியாயம். பூனம் நடராஜன் 1985-ல் சென்னையில், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான இன்றைய வித்யாசாகரைத் தொடங்கினார், டெல்லியில் அறிவுசார் குறைபாடு போன்றவை உள்ளவர்களுக்கான மத்திய அரசின் தேசிய அறக்கட்டளைக்குத் தலைவரானது பிறகுதான். பிரீத்தி சீனிவாசன் ஒருகாலத்தில் தமிழ்நாட்டுப் பெண்கள் கிரிக்கெட் அணியில் ஆடியவர், விபத்தில் கழுத்துக்குக் கீழே இயக்கம் போனபின் திருவண்ணாமலையில், தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்கான சோல்ஃப்ரீ அமைப்பை அவரே தொடங்கவேண்டியிருந்தது. நம் ஊரில் ஒரு பெண்ணுக்குத் தலைமை வேண்டுமென்றால், வீட்டைத் தானே கட்டித்தான் குடியேற வேண்டும்போல. கட்டிவைத்த வீட்டில் அவளுக்கு அடுக்களைதான்.

இனி ‘பொறுப்பு’. இந்தச் சொல்லை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். பொறுமைக்கும் பொறுப்புக்கும் வேர் ஒன்று, பொறு என்பது. பெண்களுக்குப் பொறுமை அதிகம் என்று ஆண்டுவிழா மேடையில் பாராட்டி, அந்தப் பொறுமையைக் காட்டியே பொறுப்பைத் தலையில் கட்டி, செக்கில் கையெழுத்து போடும் உரிமையை மட்டும் எடுத்துவைத்துக்கொள்வார்கள். கையெழுத்து இல்லாத பொறுப்பு என்பது தவறு நடந்தால் திட்டு வாங்க ஒரு ஆள், அவ்வளவுதான்.

கலெக்டர் ஆபீசுக்கு யார் அலைவதாம்? பதினெட்டு வயது தாண்டிய பிள்ளைகளுக்குப் சட்டப்படி யார் பாதுகாவலர் என்று கலெக்டர் ஆபீசில் சான்று வாங்க, அம்மாக்களைக் கூட்டிக்கொண்டு குலசேகரத்திலிருந்து பஸ் மாறி நாகர்கோவில் போய் மத்தியானம் வரை பெஞ்சில் இருந்தது அந்த ஒன்பது பேரில் யார்? அடுத்த கூட்டத்தில் சும்மா கேட்டுப் பாருங்கள். வேன் விஷயத்தை டிரைவரிடம் கேளுங்கள், போன தடவை நின்றபோது அவர் யாருக்கு போன் போட்டார் என்று.

தலைமையில் ஒரு பெண் இருந்தால் என்ன மாறும் என்பதற்கு நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். மார்த்தாண்டத்துக்கு மேற்கே ஒரு பகல்நேர மையம், திறப்பது ஒன்பதரை மணிக்கு. அங்கே வரும் பிள்ளைகளின் அம்மாக்களில் பாதிப்பேர் அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், கொட்டை தல்லுகிறவர்கள் (உடைக்கிறவர்கள்). ஒருத்தி என்னிடம் கையை விரித்துக் காட்டினாள், அண்டி எண்ணெயில் விரல் நுனியெல்லாம் கறுத்து, ரேகையே தேய்ந்து கிடந்தது. “எட்டு மணிக்கு கேட்ட அடச்சிருவாவ, பிள்ளைய நான் எங்க கொண்டுபோய் விடட்டு?” அதனால் அவள் பிள்ளை வாரத்தில் மூன்று நாள் வராது. குழு இதை ‘பெற்றோரின் அக்கறையின்மை’ என்று மினிட்ஸில் எழுதிவைத்திருந்தது! பிறகு அங்கே செயலாளராக வந்தவர் ஒரு அம்மா, அவர் பிள்ளையும் அங்கேதான் படித்தது. வந்த முதல் மாதமே மையத்தை ஏழரைக்குத் திறக்கவைத்தார், இரண்டு ஆயாக்களின் ஷிப்டை மாற்றினார், வேன் முதலில் போகவேண்டியது அண்டி ஆபீஸ் பக்கம் என்றார். செலவு அதிகமாகவில்லை. பிள்ளைகள் தினமும் வர ஆரம்பித்தார்கள். இதற்குப் பொறுமை எதுவும் தேவைப்படவில்லை, எட்டு மணிக்குக் கேட் அடைப்பார்கள் என்று தெரிந்திருந்தால் போதும்.

(நானும் ஒரு குழுவில் இரண்டு வருடம் இருந்தேன். ஒரு பெண் வேண்டும் என்று சேர்த்தார்கள். விழாவுக்கு என்ன சாப்பாடு என்ற விஷயத்துக்கு மட்டும் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பும். வெட்கமாகத்தான் இருக்கிறது, கணக்கு நோட்டைக் கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.)

ஆகவே என் பதில்: ஏற்றுக்கொள்ளுங்கள், ‘பொறுப்பு’ என்று இல்லாமல். ஆறு மாதமோ ஒரு வருடமோ, எத்தனை நாள் என்று தேதி போட்டு, இயக்குநருக்குரிய சம்பளமும் வங்கிக் கணக்கில் கையெழுத்தும் எழுத்தில் வரட்டும். ‘பெறகு பாக்கலாம்’ என்றால், நீங்களும் பிறகு பார்க்கலாம். கையோடு இன்னொன்றும் கேளுங்கள், அந்த ஒன்பது பேர் குழுவில் அங்கே படிக்கும் பிள்ளையின் அம்மா ஒருவரும், மாற்றுத்திறனாளியான ஒரு பெண்ணும் வரவேண்டும் என்று. சலுகையெல்லாம் இல்லை. 2016-ம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில், மாநில ஆலோசனை வாரியத்துக்கு அமைப்புகளின் சார்பில் நியமிக்கப்படும் பத்துப் பேரில் ஐந்து பேராவது பெண்கள் இருக்கவேண்டும், கூடியவரை அந்தப் பத்துப் பேரும் மாற்றுத்திறனாளிகளாக இருக்கவேண்டும் என்றே இருக்கிறது. மாநிலத்துக்கு ஆகும் என்றால் குலசேகரத்துக்கு ஆகாதா? இதை நீங்கள் கேட்கவில்லை என்றால், நாளைக்கு உங்கள் அறைக்கு வெளியே ஒரு வீல்சேர் பெண், நீங்கள் எனக்கு எழுதியதுபோல யாருக்காவது கடிதம் எழுதிக்கொண்டிருப்பாள்.

அப்புறம், பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற இடத்தில் 2013-ம் வருடச் சட்டப்படி பாலியல் புகார்களுக்கு ஒரு உள்ளகக் குழு இருக்கவேண்டும், அதற்குத் தலைமை மூத்த பெண் ஊழியர். உங்கள் மையத்தில் பதினேழு பேர். அந்தக் குழு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அநேகமாக நீங்கள்தான் தலைவி, உங்களிடம் சொல்லியிருக்கமாட்டார்கள்.

வீட்டுக்காரர் சொன்ன தலைவலி உண்மைதான், அதை மறுக்கமாட்டேன். பதினான்கு வருடமாக அது இல்லாமலா இருந்தது என்று மட்டும் அவரிடம் கேளுங்கள். கூட்டம் முடிந்ததும் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா