சேலத்திலிருந்து வெளிநாட்டு மொழி: பி.ஏ.வாகவே எடுப்பதா, வேறு டிகிரியோடு சேர்த்துப் படிப்பதா?

கேள்வி: சேலத்தில் +2 காமர்ஸ் படிக்கிறேன். ஜெர்மன், ஜப்பானியம், ஃப்ரெஞ்சு இவற்றில் ஒன்றைப் பட்டப்படிப்பாகவே எடுக்க ஆசை. வீட்டில் பி.காம் சேரச் சொல்கிறார்கள். எது சரி?

கம்பெனிக்காரர் முதலில் கேட்பது "எந்த லெவல் முடித்திருக்கிறீர்கள்?" என்றுதான். டிகிரியின் பெயர் அப்புறம். ஐரோப்பிய மொழிகளுக்கு ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள், ஜப்பானியத்துக்குக் கீழ்ப்படியான என்5 முதல் மேல்படியான என்1 வரை ஐந்து. மொழியை மட்டும் நம்பி வேலைக்குப் போக பி2 அல்லது என்2 வேண்டும். ஏ2, என்4 எல்லாம் பயோடேட்டாவில் ஒரு வரி, அவ்வளவுதான். துரதிர்ஷ்டவசமாகப் பெரும்பாலோர் நின்றுவிடுவது அங்கேதான்.

மொழிபெயர்ப்பு, மொழி ஆசிரியர் வேலை, ஆராய்ச்சி என்று தெளிவாக இருந்தால் பி.ஏ.வே எடுங்கள். ஹைதராபாத் இஃப்லு (ஆங்கிலம் மற்றும் அயல்மொழிப் பல்கலைக்கழகம்), டெல்லி ஜேஎன்யு (ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம்) இரண்டிலும் அந்த மொழியில் ஒரு எழுத்துகூடத் தெரியாமல் சேரலாம், அடிப்படையிலிருந்தே தொடங்குவார்கள். நுழைவு க்யூட் தேர்வு (மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வு) வழியாக. நம் பக்கத்துப் பிள்ளைகள் கோட்டை விடுவது இங்கேதான்: ரிசல்ட் வந்தபின் மே மாதம் விசாரிக்கத் தொடங்குவார்கள், ஆனால் பொதுத்தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும்போதே க்யூட் விண்ணப்பத் தேதி வந்து போயிருக்கும். தமிழ்நாட்டுக்குள்ளேயே வேண்டுமென்றால் சென்னை லயோலாவில் பி.ஏ. ஃப்ரெஞ்சு இருக்கிறது, எம்.ஏ.வுக்குப் பக்கத்திலேயே புதுச்சேரிப் பல்கலைக்கழகம். கல்லூரி ஆசிரியராக எம்.ஏ.வோடு நெட் (தேசியத் தகுதித் தேர்வு) வேண்டும். இந்தப் பாதையிலும் லெவல் சான்றிதழைத் தனியாக எழுதி வாங்கிவிடுங்கள். பி.ஏ. மார்க் ஷீட்டைப் பார்த்து உங்கள் பேச்சுத் திறனை யாராலும் கணிக்க முடியாது.

அப்படிக் குறிப்பான இலக்கு இல்லையென்றால் வீட்டில் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பி.காம் தெரிந்து ஜெர்மன் பி2 இருப்பவரை பெங்களூரு, சென்னையில் வெளிநாட்டு நிறுவனங்களின் கணக்குப் பிரிவு எடுத்துக்கொள்ளும். வெறும் ஜெர்மன் தெரிந்தவருக்கு அங்கே என்ன வேலை கொடுப்பது என்று அவர்களுக்கே தெரியாது.

ஆனால் "கூடவே படித்துக்கொள்ளலாம்" என்று சொல்லும்போது கணக்கையும் பாருங்கள். ஜெர்மன் பி2 தொட 45 நிமிட வகுப்புகள் 600 முதல் 800 வரை ஆகும் என்பது ஜெர்மன் கற்பித்துத் தேர்வும் நடத்தும் கோதே நிறுவனத்தின் கணக்கு. அதாவது 450 முதல் 600 மணி நேரம். வாரம் 5 மணி நேரம் போட்டால் 90 முதல் 120 வாரம், செமஸ்டர் பரீட்சையும் தீபாவளி, பொங்கலும் போக இரண்டரை வருடம். முதல் வருட ஜூனில் தொடங்கினால்தான் டிகிரியோடு முடியும். மூன்றாம் வருடத்தில் விழித்துக்கொண்டால் ஏ2 தாண்டாது. தேர்வு எழுதக் கோவையிலேயே கோதே மையம் இருக்கிறது. பி1, பி2 தேர்வுகளில் நான்கு பகுதிகள், ஒவ்வொன்றிலும் 60 வேண்டும். ஒன்றில் தவறினால் அதை மட்டும் திரும்ப எழுதலாம்.

ஃப்ரெஞ்சு பற்றி ஒரு எச்சரிக்கை. "மார்க் வரும்" என்று பள்ளியில் ஃப்ரெஞ்சு எடுத்து 98 வாங்கியவர்கள், ஃப்ரெஞ்சு லெவல் தேர்வான டெல்ஃப் ஏ2-வில் ஒலிப்பதிவைக் கேட்டு எழுதும் பகுதியில் திணறுவது சகஜம். பள்ளிப் பரீட்சையில் காதுக்கும் வாய்க்கும் வேலை குறைவு. டெல்ஃபில் பகுதிக்கு 25 வீதம் 100. மொத்தம் 50 எடுத்தால் பாஸ், ஆனால் எந்தப் பகுதியிலும் 5-க்குக் கீழே போகக்கூடாது.

ஜப்பானியத்தில் நமக்கு ஒரு சலுகை உண்டு. "ஏற்காட்டில் காபி குடிக்கிறேன்" என்பதை "ஏற்காடு தே கோஹீ ஓ நோமிமாஸ்" என்று அதே வரிசையில் வைக்கலாம். வேற்றுமை உருபு சொல்லுக்குப் பின்னால், வினை கடைசியில். ஆங்கிலம் வழியாகப் படிக்காமல் தமிழ் வழியாக யோசித்தால் இலக்கணம் பாதி கைக்கு வந்துவிடும். கஞ்சி எனப்படும், சீனத்திலிருந்து வந்த எழுத்துகளுக்குத்தான் சலுகை கிடையாது: அன்றாடப் பயன்பாட்டுப் பட்டியலில் 2,136. தினம் ஐந்து எழுதிப் பழகுவதைத் தவிர வேறு வழியில்லை. என் லெவல்களுக்கான ஜேஎல்பிடி தேர்வு ஜூலை, டிசம்பர் முதல் ஞாயிறுகளில் நடக்கும், சில மாதம் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். என்3-க்கு 180-க்கு 95 தேவை. அதோடு மூன்று பகுதிகளிலும் 60-க்கு 19 வேண்டும். மொத்தம் 110 எடுத்தும் கேட்டலில் 17 வாங்கி ஃபெயிலாவது இதனால்தான். இன்னொன்று, இந்தத் தேர்வில் பேச்சே கிடையாது. என்3 கையில் வைத்துக்கொண்டு இன்டர்வியூவில் வாய் திறக்க முடியாமல் போவது அடிக்கடி நடக்கிறது. வாரம் ஒரு மணி நேரமாவது பேச்சுப் பயிற்சிக்குத் தனியாக ஒதுக்குங்கள்.

சேலத்திலேயே வேலை கிடைக்குமா? பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். ஜவுளி, ஜவ்வரிசி, வெள்ளிக் கொலுசு என எதுவானாலும் ஏற்றுமதிக் கடிதங்கள் ஆங்கிலத்தில்தான் போகின்றன. பெங்களூருக்கோ சென்னைக்கோ கிளம்பத் தயாராக இருக்க வேண்டும். சாதாரணக் கடிதம், கையேடு மொழிபெயர்ப்பைக் கம்ப்யூட்டரே செய்துவிடுகிறது. மனிதருக்கு மிஞ்சுவது அதைத் திருத்துவதும், சட்டம், மருத்துவம், இயந்திரம் போன்ற துறை தெரிந்தவர் மட்டுமே செய்யக்கூடியதும்தான். துறை அறிவு வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்.

நர்சிங் படிக்கும் தோழிகள் இருந்தால் அவர்களுக்கு நிலைமை வேறு. ஜெர்மனியில் நர்ஸாகப் பதிவு பெறப் பொதுவாக பி2 கேட்கிறார்கள். ஜப்பானில் முதியோர் பராமரிப்பு வேலைக்கு என்4 அளவு மொழியுடன் பராமரிப்புத் திறன் தேர்வும், அந்தத் துறைக்கான ஜப்பானிய மொழித் தேர்வும் தனித்தனியே உண்டு.

கோச்சிங் சென்டரில் பணம் கட்டுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். ஏ1-க்கு மொத்தம் எத்தனை மணி நேரம்? சொல்லிக்கொடுப்பவர் எந்த லெவல் தேர்ச்சி, சான்றிதழைக் காட்டுவாரா? கோர்ஸ் முடிவில் கோதே, டெல்ஃப் போன்ற வெளித்தேர்வா, சென்டரின் சொந்தச் சான்றிதழா? "மூன்று மாதத்தில் பி1" என்பவரிடம் மேலே கேட்க ஒன்றுமில்லை. ஒரு டெமோ வகுப்பில் உட்கார்ந்து பாருங்கள். ஒரு மணி நேரத்தில் மாணவர்கள் அந்த மொழியில் பத்து வாக்கியமாவது பேசவில்லை என்றால் வேறு இடம் தேடுங்கள்.